ஒரு துளியில் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

விரல் நுனி ரத்தத்தில் நோயறியும் பயோசென்சார்கள் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதன்பின் டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

அம்மாவுக்கு வயது 68. காலை டிபன் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு குளுக்கோமீட்டரில் 198 காட்டியது. அரை மணி நேரத்துக்குள் லேப்பில் ரத்தம் கொடுத்தோம்; அங்கே 174. எதை நம்புவது? மீட்டரை மாற்றிவிடலாமா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

மாற்ற வேண்டாம். இரண்டு எண்ணுமே சரியாக இருக்கலாம். குளுக்கோமீட்டர்களுக்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 15197. அதன் 2013 பதிப்பு இப்படிச் சொல்கிறது: லேப் மதிப்பு டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 100 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால், நூற்றுக்கு 95 முடிவுகளாவது அதிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100க்குக் கீழே இருந்தால் 15 மி.கி.க்குள். 174க்கு 15 சதவீதம் 26. ஆக 148 முதல் 200 வரை எது வந்தாலும் மீட்டர் தன் வரம்புக்குள்தான் இருக்கிறது.

இதற்கு மேல் வேறு காரணங்களும் உண்டு. சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை, முழங்கை நரம்பில் எடுக்கும் ரத்தத்தில் இருப்பதை விடக் கூடுதல். திசுக்கள் கொஞ்சம் எடுத்துக்கொண்ட பிறகுதானே அது நரம்புக்குத் திரும்புகிறது? வெறும் வயிற்றில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு. அதனால் மீட்டரைச் சோதிக்க வேண்டுமானால் காலையில் வெறும் வயிற்றில், லேப்பில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கும் அதே நேரத்தில், அங்கேயே விரலிலும் குத்திப் பாருங்கள். குழாயில் எடுத்த ரத்தம் பிரிக்கப்படாமல் கிடந்தால் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் ஃபுளோரைடு இதைத் தடுக்கும் என்றாலும், முழுதாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். கிராமத்துச் சேகரிப்பு மையத்தில் எடுத்த ரத்தம் பஸ்ஸில் டவுனுக்குப் போய்ச் சேர்ந்தால் லேப் எண் தாழ்ந்து வருவதில் வியப்பில்லை.

ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: அம்மாவுக்கு ரத்தசோகை இருக்கிறதா? சிவப்பணுக்கள் குறைந்தால் மீட்டரில் செருகும் ஸ்டிரிப்புக்குள் குளுக்கோஸ் எளிதாக நகரும், மீட்டர் அதிகமாகக் காட்டும். சிவப்பணு மிகுந்தால் குறைவாகக் காட்டும். எந்த அளவு வரை நம்பலாம் என்பது ஸ்டிரிப் டப்பாவோடு வரும் தாளில் 'ஹிமாட்டோகிரிட்' (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) என்ற தலைப்பில் அச்சாகியிருக்கும். ஹீமோகுளோபின் 8 என்றால் ஹிமாட்டோகிரிட் சுமார் 24. 30 முதல் 55 வரைதான் என்று அச்சிட்ட ஸ்டிரிப் அவருக்குப் பொருந்தாது.

கையைத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். வாழைப்பழம் உரித்த விரலையும் வெல்லம் இடித்த விரலையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் சர்க்கரை போய்விடாது. அரை மைக்ரோலிட்டர் துளிக்குள் தூசியளவு வெல்லம் சேர்ந்தாலும் எண் தாறுமாறாக ஏறும்.

ஸ்டிரிப் டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், திருவாரூர்

வேண்டாம். குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறந்ததும் உள்ளே ஈரம் படியும். ஸ்டிரிப்பில் பூசியிருக்கும் நொதிக்கு வெப்பத்தை விட ஈரம்தான் பெரிய எதிரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டப்பாவைத் திறந்தவுடன் ஒரு ஸ்டிரிப்பை எடுத்துக்கொண்டு உடனே மூடுங்கள். ஸ்டிரிப்புகளை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். ஈரம் உறிஞ்சும் பொருள் அந்த டப்பாவோடு சேர்ந்தே வருகிறது. அடுப்பங்கரை அலமாரியும் சித்திரை வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியும் ஆகாது.

பெட் (PET) பிளாஸ்டிக் தாளில் கார்பன் மை அச்சிட்டு, குளுக்கோஸ் ஆக்சிடேஸும் (சர்க்கரையோடு வினைபுரியும் நொதி) பெர்ரிசயனைடும் (நொதியிலிருந்து மின்முனைக்கு எலக்ட்ரானைக் கொண்டுசேர்க்கும் உப்பு) இட்டு ஸ்டிரிப் செய்தோம். பஃபரில் (அமிலத்தன்மை மாறாத சோதனைக் கரைசல்) அளவீட்டுக் கோடு அழகாக நேராக வருகிறது. ரத்தத்தில் மின்னோட்டம் பாதியாகிவிடுகிறது. ஸ்டிரிப்புக்கு ஸ்டிரிப் எண்ணும் மாறுகிறது. எங்கே தவறு?
– பி.டெக். இறுதியாண்டு மாணவி, தஞ்சாவூர்

நீங்கள் சொல்வது இரண்டு வேறு நோய்கள். முதலில் அவற்றைப் பிரித்துவிடுங்கள். ஒரே பஃபர் கரைசலில் பத்து ஸ்டிரிப், ஒரே ரத்தத்தில் பத்து ஸ்டிரிப் போடுங்கள். பஃபரிலேயே 5 சதவீதத்துக்கு மேல் சிதறினால் ரத்தத்தின் மேல் பழி போடாதீர்கள், குறை அச்சில் இருக்கிறது.

அச்சுக் குறைகளில் முதலாவது, மின்முனையின் பரப்பு. கார்பன் வட்டத்தின் ஓரம் ஒருபோதும் ஒரே மாதிரி விழாது. அதனால் கார்பனைப் பெரிதாக அச்சிட்டு, அதன் மேல் வரும் காப்பு அடுக்கில் விடும் துளைதான் பரப்பைத் தீர்மானிக்கும்படி செய்யுங்கள். இரண்டாவது, நொதிக் கரைசல் காயும் விதம். ஒரு மைக்ரோலிட்டர் சொட்டைச் சும்மா காய விட்டால், தரையில் சிந்திய காபி போல ஓரத்தில் வளையமாகவும் நடுவில் வெறுமையாகவும் காயும். கரைசலில் அரை சதவீதம் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் சேர்த்துக் கொஞ்சம் கெட்டியாக்குங்கள். 40 டிகிரிக்குக் கீழே காய வையுங்கள். பெட் தாளை அச்சிடும் முன்பே, மை காய வைக்கும் அதே வெப்பத்தில் ஒருமுறை வைத்து எடுத்தால் பின்னால் சுருங்கி அடுக்குகள் விலகாது.

மூன்றாவது, துளி நிரம்பும் அறை. 0.1 மி.மீ. தடிப்புள்ள இருபக்க ஒட்டுத்தாளில் 1.5 மி.மீ. அகலம், 5 மி.மீ. நீளத்துக்கு வெட்டினால் 0.75 மைக்ரோலிட்டர் அறை கிடைக்கும். அதன் கோடியில் காற்று வெளியேற ஓர் ஓட்டை வேண்டும். அதை மறந்தால் ரத்தம் பாதி வழியில் நின்றுவிடும், அந்த ஸ்டிரிப் பாதி எண்தான் சொல்லும். மேல்மூடித் தாள் நீர் ஈர்க்கும் பூச்சுடையதாக இருக்கட்டும். சாதாரண ஓஎச்பி தாள் ரத்தத்தை உள்ளே இழுக்காது.

இனி, ரத்தத்தில் மின்னோட்டம் ஏன் பாதியாகிறது? காரணங்கள் நான்கு. அவற்றில் மூன்று எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவை.

ரத்தத்தின் கன அளவில் நாற்பது, நாற்பத்தைந்து சதவீதம் சிவப்பணு. குளுக்கோஸும் பெர்ரிசயனைடும் அவற்றைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருக்கிறது. இது ஒன்றே மின்னோட்டத்தை நன்றாகக் குறைத்துவிடும். கடையில் விற்கும் மீட்டர்களில் பல, சிறு மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்து ரத்தத்தின் மின்தடையை அளந்து ஹிமாட்டோகிரிட்டைக் கணித்துத் திருத்திக்கொள்கின்றன. உங்கள் கருவியில் அந்த வசதி இல்லாவிட்டால், அளவீட்டுக் கோட்டையாவது ரத்தத்திலேயே வரையுங்கள்.

அடுத்தது ஆக்சிஜன். குளுக்கோஸ் ஆக்சிடேஸின் இயற்கைக் கூட்டாளி அதுதான். 1962ல் லேலண்ட் கிளார்க்கும் லையன்ஸும் முதல் நொதி மின்முனையை முன்வைத்தபோது ஆக்சிஜனை நம்பியே அது இயங்கியது. 1984ல் ஃபெரோசீனை, உங்கள் பெர்ரிசயனைடு போல எலக்ட்ரானைக் கடத்தும் இடைத்தரகராகக் கொண்டுவந்த பிறகுதான் சிறு ஸ்டிரிப்புகள் சாத்தியமாயின. ஆனால் தரகர் வந்தாலும் பழைய கூட்டாளி விலகுவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்குமளவுக்கு எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கும். அதே ரத்தத்தில் ஒரு பங்கின் மேல் நைட்ரஜனையும் இன்னொரு பங்கின் மேல் காற்றையும் செலுத்திவிட்டு அளந்து பாருங்கள். வித்தியாசம் வந்தால், எஃப்ஏடி என்ற துணைப்பொருள் சார்ந்த குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் என்னும் வேறு நொதிக்கு மாறுவதை யோசிக்கலாம். ஆக்சிஜன் அதைத் தொடாது. அதே நொதியில் பிக்யூக்யூ என்ற துணைப்பொருள் சார்ந்த வகையை மட்டும் எடுக்காதீர்கள். அது மால்டோஸையும் குளுக்கோஸாக எண்ணும். உடலுக்குள் மால்டோஸாக உடையும் ஐக்கோடெக்ஸ்ட்ரின் கரைசலில் வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இல்லாத சர்க்கரையைக் காட்டி, இன்சுலின் கூடிப்போய் உயிரிழப்புகள் நேர்ந்தன. 2009ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. சென்சார் வேலையில் 'கொஞ்சம் பிழை' என்பது எங்கோ ஒரு வீட்டில் போட்ட இன்சுலின் ஊசி. அதை மறந்து இந்த வேலை செய்யக் கூடாது.

மூன்றாவது, மின்னழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் குறிப்பு மின்முனை. வெள்ளி – வெள்ளிக் குளோரைடு மையின் மின்னழுத்தம் எதிரே உள்ள குளோரைடைப் பொறுத்தது. குளோரைடு பத்து மடங்கு மாறினால் 59 மில்லிவோல்ட் நகரும். பிளாஸ்மாவில் சுமார் 100 மில்லிமோலார் குளோரைடு இருக்கிறது. உங்கள் பாஸ்பேட் பஃபரில் பொட்டாசியம் குளோரைடு 0.1 மோலார் சேர்க்காமல் இருந்தால், பஃபரில் நீங்கள் கொடுத்த மின்னழுத்தமும் ரத்தத்தில் கொடுத்ததும் ஒன்றல்ல.

நான்காவதுதான் சிக்கல்: அல்புமின் போன்ற புரதங்கள் கார்பன் மேல் படிவது. மின்னழுத்தம் கொடுத்து ஐந்தாவது வினாடியில் படித்துவிட்டால் இது பெரிதாகத் தெரியாது, ஒரு நிமிடம் காத்திருந்தால் தெரியும். மின்னோட்டம் நேரத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைகிறதா என்று வரைந்து பாருங்கள். அதை விட வேகமாக விழுந்தால் படிவையும், சமநிலையில் நின்றுவிட்டால் அறையில் கசிவையும் முதலில் சந்தேகியுங்கள்.

ரத்தத்தில் கோடு வரைவது இப்படி: நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் குழாயில் எடுத்த ரத்தத்தை அறை வெப்பத்தில் சில மணி நேரம் மெதுவாக உருட்டி வையுங்கள். அணுக்களே சர்க்கரையைத் தின்று தாழ்த்திவிடும். பிறகு அடர்ந்த குளுக்கோஸ் கரைசலைச் சேர்த்து 50 முதல் 400 மி.கி. வரை ஐந்தாறு படிகள் செய்யுங்கள். சேர்க்கும் கரைசல் மொத்தத்தில் ஒரு சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். சேர்த்த பின் அரை மணி நேரம் உருட்டினால்தான் சிவப்பணுவுக்குள்ளும் வெளியிலும் சமநிலை வரும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் எடுத்து உடனே மையவிலக்கில் பிரித்து, பிளாஸ்மாவை லேப் கருவியில் அளந்து அதையே உண்மை மதிப்பாகக் கொள்ளுங்கள். இதையே ஹிமாட்டோகிரிட் 25, 42, 55 என்று மாற்றியும் செய்ய வேண்டும். ஃபுளோரைடு குழாய் ரத்தத்தை இதற்கு எடுக்க வேண்டாம்.

குளுக்கோஸ் கரைசலை முந்தைய இரவே கரைத்து வையுங்கள். உங்கள் நொதி பீட்டா வடிவத்தை மட்டுமே தொடும். கரைத்த உடனே பெரும்பாலும் ஆல்ஃபா. சமநிலையில் பீட்டா சுமார் 64 சதவீதம். காலையில் கரைத்துக் காலையிலேயே அளந்தால், மதியம் அளப்பவருக்கு வேறு எண் வரும்.

கடிதத்தோடு அனுப்பிய வரைபடத்தில் மிகக் குறைந்த அளவீட்டு எல்லை 0.1 மைக்ரோமோலார் என்று பெருமையாகக் குறித்திருக்கிறீர்கள். குளுக்கோஸுக்கு அதனால் பயனில்லை. ரத்தத்தில் அது 2 முதல் 30 மில்லிமோலார். அந்த எல்லைக்குள் நேர்கோடும், பத்து ஸ்டிரிப்பும் ஒரே எண்ணும் வந்தால் அதுவே நல்ல வேலை. மின்வேதியியலில் ஆழமான சந்தேகம் வந்தால், காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) உங்களுக்குப் பக்கம்தான்.

லேட்டரல் ஃப்ளோ ஸ்டிரிப்புக்காக (திரவம் ஊர்ந்து கோடு காட்டும் சோதனைப் பட்டை) தங்க நானோ துகள் செய்கிறோம். நல்ல சிவப்பாக வருகிறது. ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) சேர்த்ததும் ஊதாவாகி அடியில் தங்குகிறது.
– எம்.எஸ்சி. மாணவர், நாகப்பட்டினம்

உங்கள் ஆன்டிபாடி பிபிஎஸ் என்னும் உப்பு கலந்த பாஸ்பேட் பஃபரில் வந்திருக்கும். அதிலுள்ள உப்பு துகள்களின் மின்னூட்டத்தை மறைத்து ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. 2 முதல் 5 மில்லிமோலார் போரேட் பஃபருக்கு டயாலிசிஸ் செய்து (சவ்வுப் பையில் இட்டு உப்பை வெளியேற்றி) மாற்றுங்கள். பிறகு தங்கக் கரைசலின் பிஎச்சைப் பொட்டாசியம் கார்பனேட்டால் 8.5 – 9க்கு ஏற்றுங்கள். அதை பிஎச் தாளில் பாருங்கள். பிஎச் மீட்டரின் மின்முனையை நேராகத் தங்கத்துக்குள் விட்டால் அதிலிருந்து கசியும் உப்பே கெடுத்துவிடும்.

எவ்வளவு ஆன்டிபாடி தேவை என்பதை ஊகிக்காதீர்கள். சிறு குழாய்களில் ஒவ்வொரு மில்லி தங்கம் எடுத்து, ஆன்டிபாடியைப் படிப்படியாகக் கூட்டி, பத்து நிமிடம் கழித்து 10 சதவீத உப்புக் கரைசல் 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். எந்தக் குழாயில் சிவப்பு அப்படியே நிற்கத் தொடங்குகிறதோ, அந்த அளவுக்குக் கொஞ்சம் மேலே போங்கள். கடைசியில் ஒரு சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின் புரதம்) சேர்த்து மிச்ச இடத்தை மூடுங்கள்.

துகள் அளவுக்கு: 0.01 சதவீத குளோரோஆரிக் அமிலம் 50 மில்லியைக் கொதிக்க வைத்து, ஒரு சதவீத சோடியம் சிட்ரேட் அரை மில்லி விட்டால் சுமார் 40 நானோமீட்டர் வரும். ஒரு மில்லி விட்டால் 16. சோதனைக் கோட்டுக்கு 40 பக்கம்தான் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கடலோரத்தில் போர்வெல் தண்ணீர் உப்பு ஏறியது. பாத்திரத்தைக் கடைசியாக அலசுவதும் தூய்மையாக்கிய நீரிலேயே இருக்கட்டும்.

'ஒரு துளி ரத்தத்தில் நூறு டெஸ்ட்' என்று விளம்பரம் பார்த்தேன். முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சர்க்கரை 100 என்றால், ஒரு மைக்ரோலிட்டரில் ஒரு மைக்ரோகிராம் குளுக்கோஸ். மூலக்கூறு எண்ணிக்கையில் 33க்குப் பின் 14 சுழியம். மாரடைப்பு அறிய உதவும் ட்ரோபோனின் டி லிட்டருக்கு 14 நானோகிராம் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பார்கள். அந்த அளவில் ஒரு மைக்ரோலிட்டருக்குள் சுமார் 2.3 லட்சம் மூலக்கூறுகள்தான். குளுக்கோஸை விட ஏறத்தாழ 1,400 கோடி மடங்கு குறைவு. குளுக்கோஸ் ஸ்டிரிப் 5 வினாடியில் சொல்வதும், ட்ரோபோனினுக்குப் பெரிய கருவி தேவைப்படுவதும் இதனால்தான். முடியாத காரியமல்ல, ஆனால் கடினம்.

சிலவற்றுக்குச் சென்சார் எவ்வளவு கூர்மையாக இருந்தும் பயனில்லை. ரத்தத்தில் பாக்டீரியா கலந்த பெரியவர்களுக்கு ஒரு மில்லியில் பத்துக்கும் குறைவான கிருமிகளே இருப்பது வழக்கம். 20 மைக்ரோலிட்டர் துளியில் சராசரியாக ஒரு கிருமி கூட இராது. இல்லாததை எந்தச் சென்சாரும் காட்டாது. அதனால்தான் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குப் பாட்டிலுக்கு 8 – 10 மில்லி கேட்கிறார்கள். பொட்டாசியத்தின் கதை வேறு. விரலைப் பிழியும்போது சில சிவப்பணுக்கள் உடைந்தாலே, உள்ளே நிறைந்திருக்கும் பொட்டாசியம் வெளியேறி எண்ணைப் பொய்யாக்கிவிடும்.

விரல் துளியில் ஏராளமான பரிசோதனைகள் என்று சொல்லி 2003ல் அமெரிக்காவில் தொடங்கிய தெரனோஸ் 2018ல் மூடப்பட்டது. முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக அதன் நிறுவனர் மீதான குற்றம் 2022ல் நிரூபணமானது. விளம்பரத்தைப் பார்த்தால், எந்தெந்த டெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மைக்ரோலிட்டர், லேப்போடு ஒப்பிட்ட முடிவு எங்கே என்று கேளுங்கள். நூறு என்ற எண்ணுக்குள் குளுக்கோஸும் ட்ரோபோனினும் ஒரே வரிசையில் நின்றால் நம்பாதீர்கள்.

சம்பா நடவுக்குப் பிறகு எங்கள் பக்கம் எலிக்காய்ச்சல் வருகிறது. வயலிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் உடனே ஸ்டிரிப்பில் பார்த்துவிட முடியாதா?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி

ஸ்டிரிப் இருக்கிறது. ஆனால் நாள் கணக்குத் தெரியாமல் அதைப் பயன்படுத்தினால் ஆபத்து. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து லெப்டோஸ்பைரா கிருமி கால் வெடிப்பு, சேற்றுப்புண் வழியாக உள்ளே போகிறது. காய்ச்சலின் முதல் வாரம் கிருமி ரத்தத்தில் இருக்கும். இப்போது கிடைக்கும் ஸ்டிரிப்புகள் பெரும்பாலும் ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருளைத் தேடுபவை. உடல் அதை உருவாக்க ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். இரண்டாம் நாள் 'நெகட்டிவ்' வந்தால் நோய் இல்லை என்று பொருளே இல்லை. டெங்குவுக்கு நேர்மாறு: அங்கே வைரஸின் என்எஸ்1 புரதம் முதல் நாளிலிருந்தே தெரியும்.

ஆய்வுக்கூடங்களில் நடக்கும் முயற்சி, நோயூட்டும் லெப்டோஸ்பைராவின் வெளிச்சவ்வில் நிறைந்திருக்கும் லிப்எல்32 என்ற புரதத்தையோ அதன் மரபணுவையோ முதல் வாரத்திலேயே பிடிப்பது. மரபணுவை 60 – 65 டிகிரியில் ஒரே வெப்பத்தில் பெருக்கும் லாம்ப் முறைக்குச் சிறு சூடேற்றி போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைக்கலாம். சிக்கல், நாம் மன்னார்குடி ஆசிரியருக்குச் சொன்னதேதான்: துளிக்குள் கிருமி இருக்க வேண்டும். எனவே ஒரு சொட்டை விட ஒன்றிரண்டு மில்லி எடுத்து, அடர்த்தியாக்கிச் சோதிப்பதே நம்பகமான வழி என்பது எங்கள் கருத்து.

உங்களுக்கு வேண்டியது இப்போதைக்கு இது: வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு, மஞ்சள் நிறம் எது இருந்தாலும், 'சேற்றில் வேலை செய்தேன்' என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். டெஸ்ட் முடிவுக்காகக் காத்திராமல் டாக்ஸிசைக்ளினோ பெனிசிலினோ தொடங்க டாக்டருக்கு அந்தச் செய்தி போதும்.

முகாமில் விரல் குத்தி ஹீமோகுளோபின் பார்க்கிறேன். கர்ப்பிணிகளுக்கு 8.5 வருகிறது, ஆஸ்பத்திரியில் 9.8 என்கிறார்கள். கருவி கெட்டுவிட்டதா?
– கிராம சுகாதாரச் செவிலியர், மயிலாடுதுறை

கருவியைச் சந்தேகிக்கும் முன் விரலைப் பாருங்கள். ரத்தம் வராமல் அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து நீர்த்துப்போகும், எண் தாழும். கை குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் சற்று வைத்து, கையைத் தொங்கவிட்டு, நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்பிரிட் முழுதாகக் காயட்டும். முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். பெரிய துளி தானாகத் திரண்ட பின், 10 மைக்ரோலிட்டர் குவெட்டை (ரத்தம் நிரப்பிக் கருவியில் வைக்கும் சிறு கலம்) ஒரே மூச்சில் நிரம்ப விடுங்கள். பாதி நிரம்பியதை மறுபடி தொட்டு நிரப்பக் கூடாது. உள்ளே காற்றுக்குமிழ் தெரிந்தால் அந்தக் குவெட்டைத் தள்ளிவிடுங்கள். வெளிப்பக்கம் ஒட்டிய ரத்தத்தைத் துடைக்கும்போது திறந்த ஓரத்தைத் துணி தொட்டு உறிஞ்சிவிடாமல் பாருங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரே விரலின் அடுத்தடுத்த துளிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ல் வெளியிட்ட முடிவு, நரம்பு ரத்தத்தின் சீர்மைக்கு இணையாக வர ஆறு முதல் ஒன்பது துளிகளின் சராசரி வேண்டியிருந்தது என்கிறது. முகாமில் அது நடக்காது. அதனால் எல்லைக்கோட்டில் வரும் எண்களுக்கு மட்டும் இன்னொரு விரலில் மறுபடி பாருங்கள். இரண்டுக்கும் ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நரம்பு ரத்தத்துக்கு அனுப்புங்கள். பயன்படுத்திய லான்செட்டை (விரல் குத்தும் ஊசி) குத்து புகாத வெள்ளை டப்பாவில் உடனே போடுங்கள்; மேசை மேல் ஒரு நிமிடம் கூட வேண்டாம்.